மருந்தும் ஊர்தியும்

நோயைக் கொல்லும் பொருள்கள் உலகில் பல உள. நோயாளியை வருத்தாது நோயை மட்டும் கொல்லும் பொருளோ மிக அரிது. ஆகவே, மருந்தின் வன்மையைப் பெருக்குவதனோடு மருத்துவம் அமைதி கொள்ளலாகாது. அம்மருந்து சேர வேண்டிய இடத்தில் மட்டும் சேர்வதற்கும் வழி காண வேண்டும்.

சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தின் வரலாறு இதனை விளக்கும். அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் பார்னெட் ரோசன்பர்க், மின்புலத்தில் நுண்ணுயிர்கள் எவ்வாறு வளர்கின்றன என்று ஆராய்ந்தார். அவை பிளவுபட்டுப் பெருகாமல் நீண்டுகொண்டே சென்றன. அதற்குக் காரணம் மின்சாரம் அன்று. மின்வாய்களிலிருந்து கரைந்த பிளாட்டினமே என்று 1965ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின் பயனாக, 1978ஆம் ஆண்டில் சிஸ்பிளாட்டின் அந்நாட்டில் புற்றுநோய் மருந்தாக ஏற்கப்பட்டது. அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆயினும், அது சிறுநீரகத்தைத் தாக்கும், செவிப்புலனையும் கெடுக்கும். களையை அழிக்கப் புகுந்தவன் பயிரையும் மிதித்தல் போன்றது இது.

இக்குறையைப் போக்க வேதியியலார் நாடும் வழிகளுள் ஒன்று உலோகக் கூடு. உலோக அணுக்கள் மூலைக் கற்களாகவும், கரிமச் சேர்மங்கள் அவற்றை இணைக்கும் விட்டங்களாகவும் அமைய, உள்ளே வெற்றிடமுடைய நுண்ணிய கூடு ஒன்று தானே உருவாகின்றது. மருந்து அதனுள் விருந்தினர் போல் தங்கும். 2008ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புருனோ தெரியனும் அவர்தம் குழுவினரும், ருத்தேனியக் கூடு ஒன்றினுள் நீரில் கரையாத பல்லேடியச் சேர்மத்தை வைத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றணுக்களுக்குள் செலுத்தினர். தனித்த நிலையில் பயனற்றிருந்த அச்சேர்மம் கூட்டின் துணையால் அவ்வணுக்களை அழித்தது. கிரேக்கக் கதையில் வீரரை மறைத்துத் திராய் நகரினுள் புகுந்த மரக்குதிரையின் பெயரையே அவர்கள் இதற்கு இட்டனர்.

எனினும், ஆய்வுக்கூடத்தில் பெற்ற வெற்றி மனித உடலில் பெற்ற வெற்றி ஆகாது. கூடு குருதியிலேயே உடைந்தால் மருந்து உடலெங்கும் பரவும். உரிய இடத்தில் திறவாவிடின் மருந்து பயன்படாது. கூட்டின் உலோகமே நஞ்சாதலும் கூடும். இவற்றையெல்லாம் பொறுமையுடன் ஆய்ந்து தெளிதல் வேண்டும். புதியது என்பதனால் வியந்து விரைதலும் தவறு. ஐயம் உண்டென்று கைவிடுதலும் தவறு. புதிய மருந்தொன்றைக் காண்பவர்க்கு அளிக்கும் ஊக்கத்தை, அதனைத் தீங்கின்றிக் கொண்டு சேர்க்கும் ஊர்தி காண்பவர்க்கும் அரசும் மக்களும் அளித்தல் வேண்டும். மருத்துவத்தின் நோக்கம் நோயை வெல்வது மட்டுமன்று. நோயாளியை நலமுடன் வீட்டிற்கு அனுப்புவதுமாகும்.