பெரிய டயரும் எங்க வாய்க்கால் கரையும்

எங்க பக்கம் தார்னு சொன்னா வாழைத்தார், இல்லேன்னா தார் ரோடு. இப்ப மூணாவதா ஒரு தார் வந்திருக்கு. சென்னையில வேலை பார்க்கிற அக்கா மகன் போன வருஷம் மகிந்திரா தார் வாங்கினான். போன வாரம் போன் பண்ணி, "மாமா, 33 இஞ்ச் டயர் போட்டு, சஸ்பென்ஷனையும் ரெண்டு இஞ்ச் தூக்கலாம்னு இருக்கேன். அப்பதான் நம்ம வாழைக்கொல்லை வரைக்கும் வண்டியிலேயே வரலாம்" என்றான். செலவு ஒன்றரை லட்சத்துக்கு மேல ஆகுமாம்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள்ல சில பேரும் இதே யோசனையில இருக்கலாம்.

பெரிய சக்கரத்தை நான் குறை சொல்லலை. எங்க தாத்தாவோட கட்டை வண்டிச் சக்கரம் என் நெஞ்சு உயரம் இருந்தது. சக்கரம் உயரமா இருந்தா பள்ளத்துல விழாம உருண்டு போகும், மாட்டுக்கும் இழுவை குறையும். இது எங்க ஆளுங்களுக்கு எப்பவோ தெரியும். அப்புறம் டயர் வண்டி வந்தது. சக்கரம் சின்னது, ஆனா அகலம். பாரம் பரவி விழுந்ததால மணல்லயும் புதையாம ஓடியது. அதனால எந்தச் சக்கரம் நல்லதுன்னு கேட்டா, எந்த மண்ணுக்குன்னுதான் திருப்பிக் கேட்கணும்.

முதல்ல கணக்கைப் பாருங்க. அவன் வண்டியில இருக்கிறது 255/65 ஆர் 18 டயர். அதோட உயரம் சுமாரா 31 இஞ்ச். 33 போட்டா ரெண்டு இஞ்ச் கூடுது. அச்சு இருக்கிறது சக்கரத்தோட நடுவுல. அதனால அது உயர்றது ஒரே ஒரு இஞ்ச்தான். சஸ்பென்ஷனைத் தூக்கினா பாடி மேல போகும், பெரிய டயர் உரசாம சுத்த இடம் கிடைக்கும். ஆனா பின்னால அச்சு நடுவுல தொங்குதே டிஃபரன்சியல் உருண்டை, அது இருந்த இடத்துலதான் இருக்கும். சேத்துல முதல்ல தட்டுறது அதுதான். ஆக, ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கிறது அந்த இடத்துல ஒரு இஞ்ச்.

அதுக்குக் கொடுக்கிற விலையும் இருக்கு. வண்டி உயர உயர வளைவுல சாயும். டயர் கனமானா பிரேக் பிடிக்க நேரம் ஆகும், டீசல் கூடக் குடிக்கும். மீட்டர் 80 காட்டும்போது நிஜத்துல 85 போய்க்கிட்டிருப்பீங்க. சட்டமும் இருக்கு. தயாரிச்ச கம்பெனி குறிச்ச விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்துல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும்கூட விதிக்கலாம்னு வந்திருக்கு.

இதெல்லாம் உங்க பாடு. எனக்கு வேற ஒரு கவலை.

எங்க ஊர் ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, திருவானைக்காவல் தாண்டி கல்லணை போற ரோட்டுல இருக்கு. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவுல வாழை. ரோட்டை விட்டு இறங்கினா வாய்க்கால் கரைதான் வழி. அது பாதை மாதிரி தெரியும். உண்மையில தண்ணியைத் தடுக்கிற சுவர் அது, மண்ணுல கட்டினது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஐப்பசி மழையில, வெளியூர்ப் பசங்க தூக்கிக் கட்டின ஜீப் ஒண்ணுல அந்தக் கரை மேல வந்தாங்க. பெரிய முள்ளு டயர். போட்டோ எடுத்தாங்க, சிரிச்சுப் பேசினாங்க, போயிட்டாங்க. கெட்ட பசங்க இல்ல. வண்டி எங்கேயும் மாட்டலை. அதுதான் வினையாப் போச்சு. சாதாரண காரா இருந்தா தார் ரோடு முடியுற இடத்துலயே திரும்பியிருக்கும். இல்லேன்னா பத்தடியில மாட்டியிருக்கும், நாங்களே கயிறு கட்டி இழுத்து விட்டிருப்போம். இந்த வண்டி கரை முழுக்க முழங்கால் ஆழத்துக்குத் தடம் போட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிடுச்சு.

அன்னைக்கு ராத்திரி நல்ல மழை. தடத்துல தேங்கின தண்ணி கரையை ஊற வச்சது. விடியக்காலையில மண் சரிஞ்சு, வாய்க்கால் தண்ணி பக்கத்துக் கொல்லைக்குள்ள இறங்கிடுச்சு. குத்தகைக்குப் பயிர் வைக்கிற பெரியவரோட பூவன் வாழை, நானூறு மரம், தார் தள்ளுற பருவம். தண்ணி வடிய ஆறு நாள் ஆச்சு. வாழை தண்ணி குடிக்கும், ஆனா தண்ணியில நிக்காது. பாதிக்கு மேல கிழங்கு அழுகிப் போச்சு. யார்கிட்ட போய்க் கேக்கறது? வந்தவங்க பேரும் தெரியாது, அவங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்ததும் தெரியாது.

வண்டி சேத்துல மாட்டுறது, இதுக்கு மேல வராதேன்னு மண்ணு சொல்றது. பெரிய டயர் போட்டா அந்தப் பேச்சு நம்ம காதுல விழாம போயிடுது.

எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு கட்டுப்பாடு உண்டு. நடவுக்குச் சேறடிக்க டிராக்டர்ல கேஜ் வீல், அதான் இரும்புச் சக்கரம் மாட்டுவோம். அதோட தார் ரோட்டுல ஏறினா ரோடு கிழியும்னு அதிகாரிங்க பிடிப்பாங்க. அது நியாயம். வயலுக்கான சக்கரம் ரோட்டுக்கு வரக்கூடாதுன்னா, ரோட்டு வண்டியும் கரைக்கு வரக்கூடாது இல்லையா?

இன்னொண்ணு, தண்ணி. ஆத்துல வெள்ளம் வந்தப்போ உத்தமர்சீலி தாம்போகியில தண்ணி ரோட்டு மேலேயே பாய்ஞ்சிருக்கு. கம்பெனி தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணியில போகும்னு சொல்றாங்க. அது நிக்கிற தண்ணிக் கணக்கு. ஓடுற தண்ணி வேற. காத்தடைச்ச பெரிய டயர் மிதக்கத்தான் பார்க்கும். 1836-ல கட்ட ஆரம்பிச்ச முக்கொம்பு மேலணையில 2018 ஆகஸ்ட்ல ஒன்பது மதகு போச்சு. அந்த ஆத்துக்கிட்ட ரெண்டு இஞ்ச் உயரத்தைக் காட்டி என்ன பண்ண?

அதனால மாப்ளைக்குச் சொன்னது இதுதான். கம்பெனி சைஸ்லயே நல்ல ஆல் டெரெய்ன் டயர் போடு. மண் ரோட்டுக்கும் மழைக்கும் அது போதும். மணல் பாதை வந்தா காத்தை 18, 20-க்கு இறக்கி மெதுவா ஓட்டு. டயர் தரையில நீளமாப் படியும், புதையாது. ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னால மறக்காம காத்தடி. அதுக்கு வேண்டியது ஒரு சின்ன கம்ப்ரெசர். கூட ஒரு இழுவைக் கயிறு வச்சுக்கோ. கல்லும் பாறையுமா இருக்கிற காட்டுப் பாதையில தினம் போய் வர்றவங்களுக்கு உயரம் தேவைப்படலாம். உனக்குத் தேவைப்படாது.

அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப வயலுக்கு எப்படி மாமா வர்றது?"ன்னு கேட்டான்.

கோயில் திடல்ல வண்டியை நிறுத்திட்டு, செருப்பைக் கழட்டிட்டு, கரை மேல நடந்து வான்னேன். பத்து நிமிஷம்தான். பொங்கலுக்கு வெட்டு இருக்கு, தார் சுமக்க ஆளும் வேணும்.