பாதி வழி தெரிந்தவர்கள்

ஏரோதின் ஊருக்கே போய், "புதுசா ஒரு ராஜா பிறந்திருக்காராமே, எங்கே?" என்று விசாரித்தவர்களைத்தான் உலகம் ஞானிகள் என்கிறது. நாற்காலிக்கு ஆபத்து என்று சந்தேகம் தட்டினால் பெண்டாட்டி பிள்ளை என்றும் பார்க்காமல் கொன்றவன் ஏரோது. அவன் காதில் இந்தச் சேதி விழுந்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனதையும் மத்தேயு தன் சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறார்: பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைத் தேடித் தேடி வெட்டினார்கள். இதில் ஞானம் எங்கே இருக்கிறது? டிசம்பர் பிறந்து ஆம்பூர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் ஏறும்போதெல்லாம் எனக்கு இந்த உறுத்தலும் ஏறும்.

முதலில் ஒட்டுவேலைகளைக் கழற்றிவிடலாம். மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆளும் மூன்றானார்கள். ராஜாக்கள் என்பதும், கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் காலம் போகப் போகச் சேர்ந்தவை. மாட்டுக்கொட்டகைக்கும் அவர்கள் வரவில்லை. வீட்டுக்குள் போனார்கள் என்றுதான் இருக்கிறது. நம் குடில்களில் மேய்ப்பர்களுக்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்துவது, மத்தேயுவையும் லூக்காவையும் ஒரே வைக்கோலில் உட்காரவைக்கிற ஏற்பாடு. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒட்டகம் வைக்க இடம் இருந்தால் சரி.

மீதி இருப்பது இவ்வளவுதான்: கிழக்கே இருந்து வந்தவர்கள், வானம் பார்க்கிற சாஸ்திரிகள். மத்தேயு அவர்களுக்குச் சொல்லும் பெயர் பாரசீகப் புரோகிதர் கூட்டத்துக்கு உரியது. நட்சத்திரம் பார்ப்பதும் கனவுக்குப் பொருள் சொல்வதும் அவர்கள் பிழைப்பு. பாபிலோனில் தானியேலை ஞானிகளுக்கெல்லாம் தலைவனாக ராஜா வைத்ததும் இந்த மாதிரி உத்தியோகத்துக்குத்தான். அந்தக் காலத்தில் அரண்மனையில் ஞானி என்றால் அடக்கமானவர், பற்றற்றவர் என்று பொருள் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வானத்தை வாசித்துச் சொல்கிறவர்.

எப்படி வாசித்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பாபிலோன்காரர்கள் களிமண் பலகையில் எழுதிவைத்த வானக் குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கி.மு. 652 தொடங்கி கி.மு. 61 வரை, ஆறு நூற்றாண்டுக் காலம். சந்திரன் எங்கே, வியாழன் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், எந்த இரவில் மேகம் மறைத்தது என்று வரிசையாகப் போகும். அதோடு நிற்காது. அந்த மாதம் வாற்கோதுமை என்ன விலை, எள் என்ன விலை, கம்பளி என்ன விலை, யூப்ரடீஸ் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதும் அதே பலகையில் வரும். (நம் பாலாற்றுக்கு இப்படி ஒரு பதிவு வைத்திருந்தால் முக்கால்வாசி மாதத்துக்கு ஒரே வரி போதும்.) அப்பன் விட்ட இடத்தில் மகன் தொடர்ந்து ஆறு நூற்றாண்டு எழுதியவர்கள் கண்ணுக்கு வானத்தில் சின்ன மாறுதலும் தப்பாது. கி.மு. 7இல் வியாழனும் சனியும் மீன ராசியில் மூன்று தடவை நெருங்கி வந்தன. அந்த நட்சத்திரம் இதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2020 டிசம்பர் 21 அன்று அதே இரண்டு கோள்கள் ஒட்டினாற்போல நின்றபோது, கொரோனாவுக்குப் பயந்து வீட்டில் கிடந்த ஜனம் மொட்டை மாடி ஏறிப் பார்த்ததே, அந்த மாதிரி.

இப்படிப்பட்ட கண் எங்கள் பக்கம் தோல் ஷாப்புகளில் உண்டு. தரம் பிரிக்கிற பாய் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் ஆட்டுத்தோலை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு. லேசாக மடித்து, மடிப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டுவார். "இது உண்ணி. இது கம்பி வேலி. இது அம்மை வடு. இது, ஆடு வெச்சிருந்தவன் கஞ்சத்தனம்." கடைசியாகச் சொன்னது, தீனி போதாமல் மெலிந்த தோல். அடுத்த தோல், அடுத்த தடவு. அவர் வாய் திறக்காமல் சதுர அடிக்கு என்ன விலை என்று முதலாளி பேசமாட்டார். அப்படிப்பட்டவரிடம், "எந்த ஊர் ஆடு பாய் இது?" என்று கேட்டேன். "அதை வாங்கினவனைப் போய்க் கேளு தம்பி" என்றார்.

அந்தப் பதிலில்தான் சாஸ்திரிகள் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டார்கள். வானம் அவர்களுக்கு ஒரு ராஜா பிறந்தார் என்று சொன்னது. எந்தத் தெரு என்று சொல்லவில்லை. ராஜா என்றால் அரண்மனையில்தானே பிறப்பார் என்று மிச்சத்தை அவர்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள். பார்த்தது சரி, ஊகம் தப்பு.

இது வானம் பார்க்கிற யாருக்கும் நேர்வதுதான். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். நல்ல இருட்டும் தெற்கு வானமும் வேண்டும் என்று வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஆய்வகத்துக்காகத் தேடிப்பிடித்த இடம், சுமார் 725 மீட்டர் உயரம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று கணக்கு இருந்தது. அங்கே இருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் சில விநாடி மங்கி மீண்டது. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலுக்குமேல் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்த அமெரிக்கக் குழுவுக்கு, கோளின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல மங்கல்கள் கிடைத்தன. அது துணைக்கோள் இல்லை, வளையங்கள். காவலூரில் பதிவானதும் வளையம்தான் என்று ஆனது. பதிவில் பிழை இல்லை. அதனால்தான் திருத்திக்கொள்ள முடிந்தது. பாப்பு ஆசைப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வருவதற்குள் 1982இல் அவர் போய்விட்டார். அதை நாட்டுக்கு அர்ப்பணித்து ராஜீவ் காந்தி அவர் பெயரை ஆய்வகத்துக்குச் சூட்டிய நாள் 1986 ஜனவரி 6. மூவரசர் திருநாள். யாரும் பார்த்து வைத்திருக்கமாட்டார்கள், தானாக அமைந்தது.

சாஸ்திரிகளும் திருத்திக்கொண்டார்கள். வழி தெரியவில்லை என்று கேட்டார்கள். பட்டம் பதவி உள்ள மனிதர் ஊர் நடுவில் நின்று எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்வதைக் கடைசியாக எப்போது கேட்டோம்? கேட்ட வாசல் தப்பு. அதற்கு விலை கொடுத்தது பெத்லகேம். ஆனாலும் வாள் யார் கையில் இருந்ததோ அவன் கணக்கில்தான் அதை எழுத வேண்டும். போன இடத்தில் அரண்மனையும் இல்லை, தொட்டிலுக்குப் பட்டும் இல்லை. ஏமாந்தோம் என்று திரும்பாமல் விழுந்து வணங்கினார்கள். கனவில் எச்சரிக்கை வந்ததும் ஏரோது பக்கம் தலைவைக்காமல் வேறு வழியாக ஊர் போய்ச்சேர்ந்தார்கள்.

எனக்கு அவர்களைவிட ஆச்சரியம் எருசலேமில் இருந்த வேதபாரகர்கள். ஏரோது கூப்பிட்டுக் கேட்டதும் ஏட்டைப் புரட்டவும் தேவையில்லாதவர்கள்போல, மீகா தீர்க்கதரிசியைச் சொல்லி, பெத்லகேம் என்று பளிச்சென்று பதில் சொன்னார்கள். முழு விலாசமும் அவர்கள் கையில். பெத்லகேம் அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். ஆம்பூர் வாணியம்பாடிக்கு நடுவே பாதி தூரம்தான் இருக்கும். ஒருத்தரும் கிளம்பிப் போனதாகக் கதையில் இல்லை.

போன வருடம் எங்கள் பக்கத்துச் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாடகம் ஒத்திகை பார்த்தார்கள். வேதபாரகன் வேஷம் கட்டிய பையனுக்கு ஒரே ஒரு வசனம்: "பெத்லகேமிலே." சொல்லிவிட்டு நாடகம் முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் ஒத்திகையில் எழுந்துவிட்டான்.

"டீச்சர், வழி எனக்குத்தானே தெரியும்? நானும் அவங்களோட போறேன்."

"பைபிள்ல அப்படி இல்லடா."

"மூணு பேர்னும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். ஜிகினாத் துணி மூன்று தலைப்பாகைக்குத்தான் இருந்தது. நாலாவது சாஸ்திரிக்குத் துண்டைக் கட்டி அனுப்பினார்கள்.