பாண்டியன் விழ எத்தனை நிமிடம்?

மருமகன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கிளிநொச்சியில் யாரோ விற்ற பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி வந்து என் வீட்டு விறாந்தையில் வைத்திருக்கிறான். தங்கள் வீட்டில் பின்னேரமானால் கரண்ட் காணாது என்பது சாட்டு. தங்கச்சியின் கண்ணில் படாமல் விளையாட வேண்டும் என்பதுதான் உண்மை. 2024இல் 'ஃபோலவுட்' தொலைக்காட்சித் தொடர் வந்ததிலிருந்து அந்தப் பெயரில் வந்த கேம் எல்லாவற்றையும் தேடித் தேடி விளையாடுகிறான். நாலாவதில் தொடங்கினான், மூன்றாவதுக்கு வந்தான், திங்கட்கிழமை 1997இல் வெளிவந்த முதலாவதைத் திறந்தான். அரை மணித்தியாலத்தில் மூடிவிட்டான்.

"என்ன மாமா இது, ஆள் அடி எண்ணி எண்ணி நடக்கிறான். வாசிச்சு வாசிச்சுக் கண் பூத்துப்போச்சு. நிம்மதியாச் சுடவும் விடுறாங்களில்லை."

நான் சொன்ன பதிலை ஆசிரியர் அச்சில் விடமாட்டார். அன்றிலிருந்து மௌனவிரதம்.

இவ்வளவு காலமும் பஸ்ஸில் போடுகிற பாட்டையும் கலியாண வீட்டு வீடியோக்காரரையும் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு கேம் எங்கே தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். 1999இல் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்து படித்தேன். அறைக்காரன் ஒருவன் பம்பலப்பிட்டிப் பக்கம் வாங்கி வந்த கள்ள சீடியில்தான் ஃபோலவுட் எனக்கு அறிமுகம். கதை இதுதான்: அணுகுண்டு யுத்தம் முடிந்துபோன அமெரிக்காவில் ஒரு கூட்டம் சனம் நிலத்துக்குக் கீழே பெரிய பங்கருக்குள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் ஒரு சில்லு பழுதாகிவிட்டது. 150 நாளுக்குள் நீங்கள் வெளியே போய் வேறு ஒன்று தேடிக்கொண்டு வரவேண்டும். பங்கரும் தண்ணீரும்! வன்னியில் வளர்ந்தவனுக்கு இதில் கற்பனை செய்ய என்ன இருக்கிறது?

என்னைப் பிடித்து வைத்தது அதுவல்ல. தொடங்கும்போதே உங்கள் ஆளுக்குப் பலம், அறிவு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்களுக்குப் புள்ளி பிரித்துக் கொடுக்க வேண்டும். அறிவில் கஞ்சத்தனம் பண்ணினால் அந்த ஆள் வாயைத் திறந்து ஒழுங்காக ஒரு வசனம் பேசமாட்டான், வெறும் முனகல்தான். எதிரே நிற்பவர்களும் அவனை அப்படியே நடத்துவார்கள். கட்டிய வேடத்துக்குக் கடைசிவரை நீங்கள்தான் பொறுப்பு.

கடைசியில் 'மாஸ்டர்' என்று ஒருவன் வருவான். மனிதரைப் பிடித்து ஒரு திரவத்தில் அமிழ்த்தி இராட்சதராக மாற்றுகிறவன். எல்லோரும் ஒரே இனமானால் உலகத்தில் சண்டையே இராது என்பது அவனுடைய நியாயம். அவனைச் சுட்டுக் கொல்லலாம். இல்லையென்றால், தேடி எடுத்த ஓர் ஆதாரத்தை முன்னால் வைத்து, நீ உருவாக்கிய இந்த இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்று வாதாடலாம். அவன் மறுப்பான், ஆதாரத்தைப் பார்ப்பான், உடைந்துபோவான். செய்த கொடுமை எல்லாம் வீண் என்று தெரிந்தபிறகு இருக்க மனமில்லாமல் தன் கோட்டையோடு தன்னை அழித்துக்கொள்வான். அந்த இரவு எங்கள் அறையில் நாலு பேரும் ஒரு சொல் பேசவில்லை.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டர்பிளே கொம்பனியிடமிருந்து ஃபோலவுட்டை பெதெஸ்டா வாங்கியது. 2008 ஒக்டோபரில் மூன்றாவது வந்தது. மேலே இருந்து பார்த்து, முறை வைத்து ஆடிய ஆட்டம் போய், கண்ணுக்கு நேரே துவக்கு. பழைய இரசிகர்கள் கொதித்தார்கள். பெதெஸ்டாவின் முந்திய கேமின் பெயரைச் சொல்லி "துவக்குப் பிடித்த ஒப்ளிவியன்" என்று நக்கலடித்தார்கள். (அந்த வருடம் மைக்ரோசொஃப்ட் அதை இந்தியாவில் வெளியிடவேயில்லை, பண்பாட்டு உணர்வுகளாம். கேமில் வருகிற இரட்டைத் தலை மாட்டுக்கு 'பிராமின்' என்று பெயர் வைத்ததுதான் காரணம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அந்த ஒக்டோபரில் யாருக்கும் கேமைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை.) 2015இல் நாலாவது வந்தபோது உரையாடல் நாலு பட்டனுக்குள் சுருங்கிவிட்டது. எதை அமத்தினால் ஆள் உண்மையில் என்ன சொல்லப்போகிறான் என்று முழுதாகக் காட்டமாட்டார்கள். இரசிகர்களே மினக்கெட்டு, முழு வசனத்தையும் திரையில் காட்டுகிற ஒட்டு ஒன்றைச் செய்து கொடுத்தார்கள்.

பயோவெயார் கொம்பனியின் 'மாஸ் எஃபெக்ட்' கதையும் இதேதான். 2007இல் வேடம் கட்டுகிற விளையாட்டாகத் தொடங்கி, 2010இல் வந்த இரண்டாவதில் பாதி சுடுகிற விளையாட்டானது. 2012இல் மூன்றாவதைத் தொடங்கும்போதே எந்த முறையில் ஆடப்போகிறாய் என்று கேட்டார்கள். அதில் 'அக்சன்' என்பதைத் தெரிவுசெய்தால் பேச்சு எல்லாம் தானாக ஓடிவிடும். நீங்கள் சுட்டால் போதும். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கேமின் முடிவு பிடிக்காத இரசிகர்கள் காசு சேர்த்து, சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறத்தில் நானூறு கப்கேக் செய்வித்துக் கொம்பனிக்கு அனுப்பினார்கள். மேலே நிறம் வேறு, கடித்தால் எல்லாம் ஒரே ருசி. மூன்று முடிவுகளும் அப்படித்தான் இருக்கின்றன என்று அர்த்தம். கோபத்தை இவ்வளவு நாகரிகமாகக் காட்ட எங்கள் சபையோருக்குத் தெரியாது. நாங்கள் கதிரையைத்தான் தூக்குவோம்.

சுடுகிற விளையாட்டுத்தான் கூட விலைப்படுகிறது. கொம்பனிக்காரன் கோயிலா நடத்துகிறான்? மருமகனுக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும்: 2010இல் ஒப்சிடியன் கொம்பனி செய்த 'ஃபோலவுட்: நியூ வேகாஸ்' துவக்கோடு வந்ததுதான். ஆனாலும் கடைசிச் சண்டையில் எதிரிப் படைத் தளபதியைப் பேசியே திருப்பி அனுப்பலாம். ஆக, துவக்கைக் கொடுத்தால் பேச்சைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க எழும்பினேன். அவன் சொன்ன "வாசிச்சு வாசிச்சுக் கண் பூத்துப்போச்சு" திரும்பவும் காதில் விழுந்தது. இதே முறைப்பாட்டை, வேறு சொல்லில், போன மாதம் ஒரு மேடைக்குப் பின்னால் கேட்டேன். "அண்ணை, இந்தக் காலத்தில ஆர் இவ்வளவு தர்க்கத்தையும் கேட்டுக்கொண்டு இருப்பினம்?" பழைய வாசகர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று விளங்கியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கூத்தைப் பற்றி எழுதி நாலு மாதமாகிவிட்டது.

அந்த மேடையில் நடந்தது கோவலன் கூத்து. ஐம்பது நிமிடம். மாதவிக்கு சீடியில் பாட்டுப் போட்டார்கள். கண்ணகி பாண்டியன் சபைக்கு வந்தாள், சிலம்பை நிலத்தில் எறிந்தாள், பாண்டியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: இரண்டு நிமிடத்துக்குள் வழக்கும் தீர்ப்பும் சாவும். அதன்பிறகு சிவப்பு லைற், புகை மெசின், மதுரை பதினொரு நிமிடம் எரிந்தது. பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

கூத்தைச் சுருக்குவதே பாவம் என்று சொல்லும் கட்சி நானில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' போட்டு, விடியவிடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தை மண்டபத்துக்குள் கொண்டுவந்திராவிட்டால், படித்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். 'இராவணேசன்' கூத்தும் அப்படி வந்ததுதான். அவரைக் குறை சொன்னால் மட்டக்களப்பிலிருந்து எனக்குக் கடிதம் வரும், வரவும் வேண்டும். எனக்குக் கோபம் அவருக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு வந்தவர்களில்தான். திரும்பத் திரும்ப வருகிற பிற்பாட்டைக் குறைக்கலாம், வரவுப் பாட்டைக் குறைக்கலாம். இவர்கள் வெட்டுவது தர்க்கத்தை.

அப்பா முள்ளியவளையில் பிறந்தவர். எழுபதுகளில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்து மிளகாய் போட விசுவமடுவுக்கு வந்தார். வந்தும் கூத்தை விடவில்லை. வைகாசி நெருங்கினால் தோட்டத்தை அம்மாவின் தலையில் கட்டிவிட்டுச் சைக்கிளில் போய்விடுவார். அவருக்குப் பாண்டியன் வேடம். வருடக்கணக்காக அது ஒன்றுதான்.

கண்ணகியின் சிலம்பு பால்மா ரின் தகரத்தில் வெட்டி வளைத்தது. உள்ளே மாணிக்கப் பரலுக்குப் பதில் குன்றிமணி. ஊருக்கு ஊர் இந்த இடத்தில் கதை மாறும். அப்பா ஆடிய கொப்பியில் அது இளங்கோவடிகள் சொன்ன மாதிரியே இருந்தது: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கண்ணகியாக ஆடியவர் தச்சு வேலை செய்கிற ஆள், கட்டைத் தொண்டை. அவர் ஒரு கேள்வி பாடுவார், அப்பா பதில் பாடுவார், பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார்கள். முதல் பதில் உச்சத்தில் இருக்கும், கதிரையில் சாய்ந்துகொண்டு, பார்வையாலேயே அவளை வெளியே தள்ளுகிற மாதிரி. ஒவ்வொரு பதிலுக்கும் குரல் ஒரு படி இறங்கும். அண்ணாவியார் மத்தளத்தையும் கூடவே இறக்கிக்கொண்டு வருவார். உள்ளே என்ன பரல் என்று கேட்கிற இடத்துக்கு வரும்போது அப்பா பாடுவதை விட்டு வெறும் வாயால் கேட்பார்.

சிலம்பு உடையும். குன்றிமணி களரி முழுக்க உருளும். அப்பா கண்ணகியைப் பார்க்கமாட்டார். உருள்கிற குன்றிமணியைப் பார்ப்பார். கதிரையால் இறங்கி, முடி சரிய, முழங்காலில் நின்று ஒன்றை எடுத்துப் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் பிடிப்பார். முத்துத்தானா, இல்லையா? அவ்வளவு நேரமும் ஒரு மத்தள அடி கிடையாது. கிழவிகள் அழத் தொடங்குவது பாண்டியன் விழும்போது அல்ல, அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது. பிறகுதான் விழுவார். முழுக் காட்சிக்கும் முக்கால் மணித்தியாலம் போகும். மதுரைக்கு ஒரு தீப்பந்தம், ஐந்து நிமிடம். காட்சி முடிந்ததும் இருட்டுக்குள் ஊர்ந்து குன்றிமணி பொறுக்குவது என் வேலை. அடுத்த வருடத்துக்கும் அவைதான்.

மாஸ்டர் என்ற அந்த அரக்கன் ஆதாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோது வெள்ளவத்தை அறையில் எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. நான் சொல்லவுமில்லை.

நேற்றுப் பின்னேரம் இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். மௌனவிரதம் கலைந்தது.

"ஆனா மாமா, கடைசியில ஊரை எரிச்சிட்டுத்தானே அம்மன் வற்றாப்பளைக்கு வந்தவ? பிறகென்ன கதைச்சு வெண்டது?"

பெடியன் விசரன் இல்லை. மதுரையை எரித்த சூட்டோடு வந்தவள் பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பெடியளிடம் கிழவியாக வந்து விளக்கு ஏற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லை என்றதற்குக் கடல்நீரில் ஏற்று என்றாளாம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில்தான் விளக்கு எரிகிறது. எரித்தவள்தான். ஆனால் சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை இருபதாவது. தீ அதற்குப் பிறகு. தீயை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை வெட்டினால், மேடையில் நிற்பது யார்? இதற்கு அவன் பதில் சொல்லவில்லை. முதலாவது ஃபோலவுட்டைத் திரும்பத் திறந்து, அறிவுக்கு எட்டுப் புள்ளி போட்டதை மட்டும் கண்டேன்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். அப்பாவின் கூத்துக் கொப்பியை 2009இல் அம்மா சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு செட்டிகுளம் முகாம்வரை கொண்டுவந்து சேர்த்தார். கோவலன் கலியாணம் முழுதாக இருக்கிறது, மாதவி அரங்கேற்றம் இருக்கிறது, தட்டான் வருகிற இடமும் இருக்கிறது. தண்ணீர் பட்டு ஒட்டிப்போய், பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது வழக்குப் பகுதிதான்: பாண்டியனின் நாலாவது பதிலிலிருந்து சிலம்பு உடைகிறவரை, ஆறு பக்கம். முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளைப் பக்கம் யாருக்காவது அந்தப் பாட்டு வாயில் இருந்தால், அரைகுறையாக என்றாலும் பரவாயில்லை, இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். எழுத வராவிட்டால் சொல்லி விடுங்கள், நான் கொப்பியோடு வருகிறேன்.