விமானச் சீட்டோடு விற்கப்படும் மன்னிப்பு

தியானப் பகுதி: எண்ணாகமம் 5:5-8; லூக்கா 19:1-10



விமானப் பயணச்சீட்டை இணையத்தில் பதிவு செய்யும்போது, இருக்கை, உணவு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இக்காலத்தில் மற்றொரு கட்டமும் தோன்றுவதுண்டு. சிறு தொகை கூடுதலாகச் செலுத்தினால், உங்கள் பயணத்தால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவுக்கு ஈடாக எங்கோ மரம் நடப்படும், அல்லது காடு காக்கப்படும், அல்லது ஏழை வீடுகளுக்குப் புகை குறைந்த அடுப்பு வழங்கப்படும் என்று அது சொல்லும். இதைக் கார்பன் ஈட்டுத்தொகை என்கிறார்கள். புனித நாட்டைத் தரிசிக்கவும், அயல்நாட்டிலுள்ள பிள்ளைகளைக் காணவும் நம் சபையிலிருந்து ஆண்டுதோறும் பலர் புறப்படுகிறீர்கள். ‘அதைக் கட்ட வேண்டுமா, ஐயா?’ என்று கேட்கிறீர்கள்.

பணத்தைக் கொடுங்கள், அந்தக் கட்டத்திலுள்ள வாக்குறுதியை மட்டும் நம்பாதீர்கள். இதுவே என் மறுமொழி. நீங்கள் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பது மெய். கொடுத்தவுடன் கணக்குத் தீர்ந்துவிட்டது என்பது பொய்.

முதலில் அளவை அறிந்துகொள்வோம். சென்னையிலிருந்து லண்டனுக்குச் சாதாரண வகுப்பில் ஒருவர் சென்று திரும்பினால், அவர் பங்காக ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு வெளியாகிறது. இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு உமிழ்வே ஏறத்தாழ இரண்டு டன்தான். நம்மில் பலர் அரை ஆண்டுக்குரிய பங்கை ஒரே பயணத்தில் செலவழிக்கிறோம். வாழ்நாளில் ஒருமுறையும் விமானம் ஏறாதவர்கள் அதன் விளைவையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். எந்தப் புயலுக்கு எந்தப் பயணம் காரணம் என்று எவரும் சுட்டிக்காட்ட இயலாது. எனினும், வெப்பமேறிய கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது. உயரும் கடல் மீனவரின் கரையை அரிக்கிறது. இங்கே அநீதி இழைக்கப்படுகிறது என்பதில் ஐயமில்லை.

அநீதி இழைத்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதை எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் ஒழுங்குபடக் கூறுகிறது. அவன் தன் குற்றத்தை அறிக்கையிட வேண்டும். முழு முதலையும் திருப்பித் தர வேண்டும். அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அதை யாருக்கு அநீதி செய்தானோ அவனிடமே சேர்க்க வேண்டும். இந்த நான்கையும் அளவுகோலாகக் கொண்டு அந்தக் கட்டத்தைச் சோதித்துப் பாருங்கள்.

அறிக்கையிடுதல் அங்கே இல்லை. ‘உங்கள் பயணம் தீங்கற்றதாயிற்று’ என்ற பாராட்டே கிடைக்கிறது. முழு முதலும் அங்கே இல்லை. மிக உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்புகைத் தடங்களும் பூமியின் வெப்பத்தைக் கூட்டுகின்றன. பல கணக்குகளோ கரியமில வாயுவோடு நின்றுவிடுகின்றன. முதலே குறைவாயிருக்க, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுவது எப்படி?

நான்காவதைச் சற்று நின்று கவனியுங்கள். கோல்ட்பிளே என்னும் பிரிட்டன் இசைக்குழு, 2002-இல் வெளியிட்ட தன் இசைத்தொகுப்பால் விளைந்த உமிழ்வுக்கு ஈடாக, நமக்கு அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகள் நடப்பதற்கு நிதியளித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் 2006-இல் வந்த செய்திகளின்படி, அக்கன்றுகளில் பல நீரின்றிக் கருகிப்போயிருந்தன. கன்று கிடைத்தது, அதற்கு நீர் ஊற்றிப் பராமரிக்கும் பணம் வரவில்லை என்றார்கள் சில விவசாயிகள். இசைத்தொகுப்பு விற்றுத் தீர்ந்தது. வாயு காற்றில் கலந்தது. வறண்ட நிலத்து ஏழைக்கு வாடிய கன்றே மிஞ்சியது. வானில் விட்டது நூற்றாண்டுகள் தங்கும். அதற்கு ஈடாக நட்ட மரமோ ஒரு கோடையில் பட்டுப்போகலாம், ஒரு தீயில் சாம்பலாகலாம்.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2023 ஜனவரியில் ‘தி கார்டியன்’ நாளிதழும் அதன் கூட்டாளிகளும் வெளியிட்ட புலனாய்வு, வெர்ரா என்னும் அமைப்பு சான்றளித்த மழைக்காட்டு ஈடுகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மெய்யான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா அதை மறுத்தது. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், கே.எல்.எம். விமான நிறுவனம் தன் விளம்பரங்களில் சூழலைக் குறித்துச் சொன்ன கூற்றுகளில் பல பயணிகளைத் தவறாக வழிநடத்தின என்று தீர்ப்பளித்தது; மரம் நடுதலால் ஈடுசெய்யலாம் என்ற கூற்றும் அவற்றுள் அடங்கும். உலக நீதிமன்றமே ஏற்க மறுக்கும் வாக்குறுதியை, சத்தியத்தை அறிந்த சபை ஏற்கலாமோ?

இதுவரை வாசித்துவிட்டுச் சிலர் மகிழ்ந்திருப்பீர்கள். ‘பார்த்தீர்களா, இது பழைய பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரமே, 1517-இல் லூத்தர் எதிர்த்தது இதைத்தானே! நான் ஒரு காசும் கட்டமாட்டேன்’ என்பீர்கள். பொறுங்கள். லூத்தரைப் பாதியில் நிறுத்தாதீர்கள். சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேலானது என்றும் அவர் அதே அறிக்கையில் வாதிட்டார். சீட்டை மறுத்தவர் பணப்பையை மூடிக்கொள்ள அனுமதி தரவில்லை. மோசடியைக் காரணம் காட்டித் தன் கடனை மறுப்பவன், மோசடிக்காரனைவிட எவ்வளவு நல்லவன்?

சகேயுவைப் பாருங்கள். தன் வீட்டுக்கு வந்த ஆண்டவர் முன்னிலையில் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக உரியவர்களுக்கும் தருவதாக உரைத்தான். எரிகோவின் சந்தையில் ஓர் இடைத்தரகனைப் பிடித்து, மலிவான விலைக்கு நற்பெயர் வாங்கிவர அவன் ஆளனுப்பவில்லை. அவன் கொடுத்தது அவனுக்கு வலித்திருக்கும். மனந்திரும்புதலுக்கு அந்த வலி உண்டு.

ஆகவே, பிரியமானவர்களே, மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

பயணத்தை முதலில் நிறுத்துப் பாருங்கள். கடல் கடந்த மகளின் பிரசவத்துக்குச் செல்லும் தாயை நான் குறைகூறேன், போய் வாருங்கள். ஆனால் எருசலேமை ஒருமுறை கண்டவர் மூன்றாம் முறையும் குழுவோடு பறக்க வேண்டுமா? இரண்டு மணி நேர ஆலோசனைக்காக ஊழியர்கள் டெல்லிக்கு விமானம் ஏற வேண்டுமா? ரயில் செல்லும் ஊருக்கு ரயிலில் செல்லுங்கள்.

பறந்தே தீர வேண்டுமெனில், பயணச்செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவையுங்கள். அதை, கடலரிப்பாலும் வறட்சியாலும் வெள்ளத்தாலும் நொந்தவர்களிடம், உங்களுக்குத் தெரிந்த கைகளின் வழியாகச் சேருங்கள். மரம் நட்டால், மூன்று கோடைகளேனும் நீங்களே நீர் ஊற்றுங்கள்.

கொடுத்தபின், ‘தீங்கற்ற பயணம்’ என்று எங்கும் எழுதாதீர்கள். நம் சபையின் யாத்திரை அறிவிப்பிலும் அந்தச் சொல் இடம்பெறலாகாது. குற்றத்தைக் கழுவ ஒரே இரத்தம் உண்டு, அது விற்பனைக்கல்ல. அந்தக் கிருபையைப் பெற்றவர் பிறருக்குப் பட்ட கடனை மறவார்.

ஜெபிப்போம்: பூமிக்கும் அதன் நிறைவுக்கும் உடையவரே, எங்கள் சௌகரியத்தின் விலையைச் செலுத்துகிறவர்களின் முகத்தை எங்களுக்குக் காண்பியும். மலிவான ஆறுதலிலிருந்து எங்களை விடுவித்து, எங்கள் கரத்தை அவர்களிடம் நீட்டச் செய்யும். ஆமென்.