முப்பது வருஷத்துக் கட்டடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், பொன்னேரி ரயிலடிக்கு அருகே 1994-இல் எழும்பிய மூன்று மாடிக் குடியிருப்பில் விலைக்கு வந்திருந்த வீடொன்றைப் பார்ப்பதற்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து என்னையும் அழைத்துக்கொண்டு போனவன், வாசலில் ஒரு தரகர் உதிர்த்த வார்த்தையைக் கேட்டு, படியேறாமலே நின்றுவிட்டான். "முப்பது வருஷம் ஆயிட்டா அது செத்த கட்டடந்தானாம் மாமா, புதுசாவே பாத்துக்கலாம்" என்றான். படித்த பிள்ளை. அவன் வாயிலிருந்து அது வந்ததுதான் எனக்குத் தாளவில்லை.

புதிது என்றால் உறுதி என்று நம்புகிற ஜனங்களுக்கு மவுலிவாக்கம் அதற்குள் மறந்துவிட்டதா? 2014 ஜூன் 28 அன்று, ஒரு குடும்பமும் பால் காய்ச்சிக் குடிபுகாத பதினோரு மாடிக் கட்டடம் மழையில் மண்ணோடு மண்ணாகி, அங்கேயே தங்கி வேலை செய்த கூலித் தொழிலாளர் உள்பட 61 பேரின் பிராணனைக் குடித்ததே, அந்தக் கட்டடத்துக்கு வயது என்ன? அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்களே, அது எத்தனை வருஷம் பழையது?

கட்டடத்தைக் கொல்வது வருஷமன்று, துருவே. விரிசல் வழியே நீரும் காற்றும் உப்பும் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால், துரு பன்மடங்கு பருத்துச் சிமென்டைப் பிளந்து தள்ளுகிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவந்து எத்தனையோ கிணறுகள் கரித்துப்போன சங்கதி இந்தப் பிரதேசத்தில் யாவரும் அறிந்தது; அந்த உப்புத் தண்ணீரில் கலவை போட்டு, அதையே ஊற்றி நீராட்டிய தளம் ஐந்தே வருஷத்தில் கம்பியைக் காட்டும். அவன் கீழே நிற்க, நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். மொட்டைமாடியில் தட்டோடு ஒன்றுகூடப் பெயரவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்களை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தேன், எங்கும் பொள்ளல் ஓசை எழவில்லை. வடக்குப் பக்கத்து சன்ஷேடு ஒன்றின் அடியில் மட்டும் முழ நீளத்துக்குத் துருக்கறை. கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.

ஜப்பானியர் பழைய வீட்டை மதிப்பதே இல்லை என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே வயதுக்கு ஒரு காரணம் உண்டு. 1981 ஜூன் மாதம் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள்; 1995-இல் கோபே நகரம் குலுங்கியபோது அதற்கு முந்திய கட்டடங்களே பெரும்பாலும் நொறுங்கின. ஆகையால் அடுக்குமாடி வீடு வாங்குகிறவன் அனுமதி பெற்ற தேதியைக் கேட்கிறான். கேட்டபின், பழுதுபார்ப்பு நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது பெரிய மராமத்து நடந்தது என்று விசாரிக்கிறான். கட்டடத்தைப் பார்க்காதே, அதன் நிர்வாகத்தைப் பார்த்து வாங்கு என்பது அங்கே சகஜமாக வழங்கும் புத்திமதி. நம்மவர்கள் கேட்பதெல்லாம் ஈசானிய மூலையையும் வாசற்படி பார்க்கும் திசையையுந்தான். தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டிப் பார்க்கவும், மனையில் தமக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று விசாரிக்கவும் அவர்களுக்கு அவகாசமில்லை. ஆனால் நடிகை வந்து சிரிக்கும் விளம்பரத்தை முழுவதும் பார்க்க நேரமிருக்கிறது. ஏரி உள்வாயையும் தாங்கலையும் தூர்த்து மனை போட்டு, வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் சூட்டி விற்கிறவனிடம் அடித்துப் பிடித்து முன்பணம் கட்டுகிறார்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது அழுதவர்களில் எத்தனை பேர் அந்தப் புதுமை மோகத்தால் போனவர்கள்! மவுலிவாக்கத்தில் வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தவர்களும் புதிது என்று நம்பித்தானே கட்டினார்கள்?

நான் இறங்கி வரும்போது குடியிருப்புச் சங்கத்துக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மோட்டாருக்குக் காயில் கட்டியது, கழிவுநீர்க் குழாய் மாற்றியது, தொட்டி கழுவியது என்று முதல் வருஷத்திலிருந்து ஒரு மாதம் விடாமல், ரசீது ஒட்டி, வரவும் செலவும் எழுதியிருந்தது. பாக்கிக்காரர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. என் தங்கை மகன் அதற்குள் தரகரின் வண்டியில் ஏறி, அஸ்திவாரம் மட்டும் போட்டிருக்கும் ஒரு மனையைப் பார்க்கப் போய்விட்டான்.