தொட்டியைத் தோண்டுவது யார்?



பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் எந்த மாடிக்குப் போனாலும் வாசலோரம் நாலு தொட்டியாவது இருக்கும். கறிவேப்பிலை, துளசி, பச்சை மிளகாய், பண்டான். பார்த்துப் பார்த்து வளர்த்த மிளகாய் நாற்று காலையில் வேரோடு சாய்ந்து கிடந்தால் வயிறு எரியத்தானே செய்யும்?

பழி உடனே அணில் மேல் விழுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் அதிகம் பார்க்கும் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது. வயிறு செம்பழுப்பு, விலாவில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை. கொய்யாவையும் வாழைப்பழத்தையும் அது விட்டுவைக்காது, உண்மைதான். ஆனால், குளிர்நாட்டு அணிலைப்போல பனிக்காலத்துக்கென்று கொட்டைகளைப் புதைத்து வைக்க வேண்டிய அவசியம் இங்கே அதற்கு இல்லை. அது பகலில் நடமாடும் பிராணியும்கூட.

அப்படியானால் ராத்திரியில் தோண்டியது யார்? தொட்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மண்ணை அகலமாகப் பறித்து, திரும்ப மூடி, நாற்றமும் வந்தால் அது பூனை. ஓரமாகக் குறுகிய குழி, பக்கத்தில் கறுத்த அரிசிபோல எச்சம் என்றால் எலி. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். பூனைக் கழிவு கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கையுறை போடாமல் அந்த மண்ணைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுப் பேசுவோம். பாசாரிலிருந்து மீன் வாங்கி வந்தால் தலையையும் செதிலையும் செடிக்குப் போடுவது நம் வீட்டுப் பழக்கம். இறால் தோலும் அப்படித்தான். தோட்டப்புற வீடுகளில் கொல்லை பெரிதாக இருந்தது, ஆழமாகப் புதைத்தோம். ஒரு சாண் தொட்டியில் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்தால் அந்த வாடை எத்தனை மாடி இறங்கும்? நாமே விருந்து வைத்துவிட்டு, வந்தவர்களை விரட்டினால் எப்படி? மீன் கழிவை நிறுத்துங்கள். தேயிலைச் சக்கையும் வாழைப்பழத் தோலும் மக்கிய பிறகு போட்டால் போதும்.

அடுத்து கம்பி வலை. ஹார்ட்வேர் கடையில் அரை அங்குலக் கண் உள்ள வலை கேளுங்கள். தொட்டியின் வாயளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் தண்டுக்கு வழி விட்டு, மண்மேல் பதித்து, கூழாங்கல்லைப் பரப்பிவிடுங்கள். தண்ணீர் இறங்கும், நகம் இறங்காது. சின்ன நாற்றுக்கு, பழைய விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைச் சுற்றிலும் நெருக்கமாக நட்டாலே பூனைக்கு உட்கார இடமிருக்காது. பலரும் சொல்லும் மிளகாய்த்தூள் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர் சாயங்கால மழை ஒன்றுக்கு அது தாங்காது. தாங்கினாலும் ஒரு வாயில்லாப் பிராணியின் கண்ணில் போய் விழும்.

விஷம் மட்டும் வேண்டவே வேண்டாம். எலி மருந்து தின்ற எலி அந்த இடத்திலேயே சாவதில்லை. பல நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடிக்கும் பூனைக்கும் ஆபத்து. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூடு கட்டி ஆந்தை வளர்த்ததை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வார்பரின் என்ற பழைய எலி மருந்தை விட்டுக் கடுமையான மருந்துக்கு மாறியபோது அந்த ஆந்தைகள் குறைந்துபோனதை 1980களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எலியைக் கொல்ல வைத்தது, எலியைத் தின்னும் பறவையைக் கொன்றது. பிள்ளைகள் ஓடியாடும் நடைபாதையில் அதை வைக்க நமக்கு எப்படி மனம் வரும்?

ஏற்கெனவே வைத்திருந்தால் இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள். குப்பையை மூடி போட்ட தொட்டியில் போடும்படி பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லுங்கள். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து எலி போகாது; மாடி முழுக்கச் சேர்ந்தால்தான் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்