அம்மாவின் ஃபோனுக்கு அம்மாவே "உள்ளேன்" சொல்லட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தீபாவளி, பொங்கல், ஆடிப்பூரத் தேர் என்று ஊருக்கு வரும்போது அம்மா அப்பாவுக்குப் புது ஃபோன் வாங்கி வருகிறீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். சந்தோஷம். ஆனால் நீங்கள் பஸ் ஏறிய மறுநாள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடப்பது உங்களுக்குத் தெரிவதில்லை. பழைய ஃபோனில் இருந்ததெல்லாம் கிளவுடிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, புது ஃபோன் ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பிக்கும். முன்பின் தெரியாத ஒரு மெயில் முகவரியைக் காட்டி, "இதற்கான பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்கும். அம்மா பயந்துபோய் எதிர்வீட்டுக் காலேஜ் பையனைத் தேடுவார். அவனும் ஊரில் இல்லையென்றால் கடைக்குப் போவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு கேட்பது ஃபோனின் கோளாறு இல்லை. பெற்றோரின் கணக்கு பெற்றோர் கையில் இல்லாததுதான் கோளாறு.

ஏன் கேட்கிறது என்று பார்ப்போம்.

ஐஃபோனில் பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது, அதிலுள்ள ஆப்கள் இரண்டு மூன்று கணக்குகளில் வாங்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு கேட்கும். அப்பாவின் ஃபோனில் என்றோ பேரன் தன் கணக்கைப் போட்டு ஒரு விளையாட்டை இறக்கியிருப்பான். இப்போது அவன் பாஸ்வேர்டையும் கேட்கிறது. பயப்பட வேண்டாம். அந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பிறகு கொடுக்கலாம்.

ஆண்ட்ராய்டில் 2015-இல் 5.1 பதிப்போடு ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு வந்தது. ஸ்கிரீன் லாக்கை மறந்துவிட்டு, பக்கவாட்டுப் பொத்தான்களை அமுக்கி மொத்தமாக அழித்தால், அதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். கொடுத்தால்தான் ஃபோன் திறக்கும். ஐஃபோனிலும் 2013 முதல் இப்படி ஒரு பூட்டு உண்டு. திருடனைத் தடுக்க வந்த பூட்டு, மகன் கொடுத்த ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் தாயையும் தடுக்கிறது. பூட்டுக்கு ஆள் தெரியாது, கணக்குதான் தெரியும்.

சூடிக்கொடுத்தவள் ஊர்க்காரர்கள் நாம். பயன்படுத்தியதைக் கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மாலையில் ஒட்டியிருந்த தலைமுடி போல, கொடுக்கிற ஃபோனில் உங்கள் கணக்கு ஒட்டிக்கொண்டே போகிறது. செட்டிங்ஸில் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு ஃபோனை அழித்துவிட்டுக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

வாட்ஸ்அப் கதை தனி. ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்கில் இருக்கும். புது ஃபோனில் அதே கூகுள் கணக்கும் அதே எண்ணும் இருந்தால்தான் பழைய பேச்சுகள் வரும். யாராவது ஆறு இலக்கப் பின் வைத்திருந்தால் அதையும் கேட்கும். 2021-இல் வந்த பேக்கப் குறியாக்கத்தை யாராவது போட்டுவிட்டு அந்தப் பாஸ்வேர்டை மறந்திருந்தால், வாட்ஸ்அப் நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது. வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் புது ஃபோனில் மறுபடி பதிவு கேட்பது இயல்பு. அந்த சிம் அந்த ஃபோனில்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கின்றன. அது நம் நன்மைக்கே.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் உறவில் ஓர் அக்கா. கணவர் காலமாகி ஒன்றரை வருடம். பழைய ஃபோன் கெட்டுப்போக, பெங்களூரிலிருந்து மகன் புதியது வாங்கி அனுப்பினான். பழைய கூகுள் கணக்கை ஃபோன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் உருவாக்கிக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மீட்புக்குக் கொடுத்திருந்த எண் ரீசார்ஜ் செய்யாமல் போய், இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. போட்டோக்களில் பாதி மகன் ஃபோனில் இருந்தன. கணவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் மட்டும் வரவே இல்லை. "காய் வாங்கிட்டேன், வேற என்ன வேணும்?" என்கிற மாதிரிச் சின்னச் சின்னப் பேச்சுகள்தான். அவருடைய குரல் என்று அக்காவிடம் இருந்தது அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே நாளில் பத்து இடத்தில் பாஸ்வேர்டு கேட்டால், பதினோராவது இடத்தில் யோசிக்காமல் கொடுத்துவிடுவோம். அந்த நேரம் பார்த்து "கஸ்டமர் கேர்" என்று ஒருவன் அழைத்தால், ஓ.டி.பி.யையும் சொல்லிவிடுவோம். பெரியவர்களுக்கு மூன்று கேள்விகள் போதும். இந்த வேலையை நான்தான் ஆரம்பித்தேனா? காட்டுகிற மெயில் முகவரி என்னுடையதா? இப்போது வேண்டாம் என்று தாண்ட முடியுமா? முதல் கேள்விக்கு "இல்லை" என்றால், திரையிலும் "இல்லை" என்றே அழுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

"அம்மாவுக்கு எதற்கு டீச்சர் பாஸ்வேர்டெல்லாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பிள்ளைகள் சொல்கிறீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் நீங்கள் துபாயில் நைட் ஷிஃப்டில் இருக்கும்போது ஓ.டி.பி. உங்கள் ஃபோனுக்கு வரும். அம்மா இங்கே டாக்டரின் ரிப்போர்ட்டைத் திறக்க முடியாமல் நிற்பார். வகுப்பில் ஒருவன் பெயருக்கு இன்னொருவன் "உள்ளேன் டீச்சர்" சொன்னால் நான் விட்டதில்லை. இங்கே மட்டும் எப்படி விடுவது? மில்லில் முப்பது வருடம் கணக்கெழுதிய அப்பாவுக்கும், பால்கோவாக் கடையில் கல்லாவில் உட்கார்ந்த அம்மாவுக்கும் ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளத் தெரியாதா?

அதனால் அடுத்த முறை வரும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கணக்கு அவர்கள் பெயரில், அவர்கள் எண்ணில் இருக்கட்டும். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள். பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, ரேஷன் கார்டோடு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்பார்கள். எங்கிருந்தோ பேசும் திருடனால் நம் வீட்டுப் பீரோவைத் திறக்க முடியாது. வங்கிப் பின், யு.பி.ஐ. பின் மட்டும் எதிலும் எழுத வேண்டாம்.

ஒருவர் காலமானால் அவர் கணக்கை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி கூகுளிலும் ஆப்பிளிலும் இருக்கிறது. சங்கடப்படாமல் அதையும் செய்யுங்கள். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும். அப்பாவின் போட்டோக்கள் அதில் இருந்தால், இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.